நீஸ் கடற்கரைக்கு நவீன ஓவியர்களை இழுத்தது ஒளி மட்டும்தானா?

கரைமணல் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பிரான்சின் தென்கிழக்குக் கடற்கரையில், கான் நகரிலிருந்து இத்தாலிய எல்லையோரத்து மான்தோன் வரை, சாலைவழி ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்குள் எத்தனை ஓவியர்கள் வந்து குடியிருந்தார்கள் என்று எண்ணத் தொடங்கினால் கணக்கு முடிவதாக இல்லை. ரெனுவார் கான்யேயில் இறந்தார். பொனார் லெ கன்னேயிலும், மத்தீஸ் நீஸ் நகரிலும், பிக்காசோ மூழானிலும், ஷகால் சேன் போலிலும் கண்மூடினார்கள். பிறப்பால் இவர்களுள் ஒருவருக்கும் அந்தக் கரையோடு உறவில்லை. மத்தீஸ் பிரான்சின் வடகோடியைச் சேர்ந்தவர். ஷகால் இன்றைய பெலாரஸில் பிறந்தவர். பிக்காசோ மட்டுமே மத்தியதரைக் கடலைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர், அதுவும் ஸ்பெயினின் கரையில்.

கலை நூல்களைப் புரட்டினால் இதற்கு எல்லோரும் சொல்லும் விடை ஒன்றே: அந்த இடத்தின் ஒளி. எனக்கு அந்த விடை போதவில்லை. வெயிலும் நீலக்கடலும் சிசிலியிலும் உண்டு, அல்ஜீரியாவிலும் உண்டு. அங்கெல்லாம் ஓவியர்கள் போனார்கள், சில வாரங்கள் வரைந்தார்கள், திரும்பிவிட்டார்கள். இங்கே மட்டும் வீடு வாங்கி, தோட்டம் போட்டு, சாகும்வரை இருந்திருக்கிறார்கள். ஓர் இடத்துக்கு வருவதற்கான காரணமும் அங்கேயே தங்கிவிடுவதற்கான காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஓவியம், கட்டடக்கலை, பயண வரலாறு ஆகியவற்றில் ஈடுபாடுள்ளவர்கள் இதைப் பற்றி என்ன கருதுகிறீர்கள்?

நீலத்தாள் எழுதியது:

நானும் தூரிகை பிடிப்பவன் என்பதால் ஒளியை அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த ஒளி வெறும் வெயில் அன்று. ஆல்ப்ஸ் மலைத்தொடர் அங்கே கடலை ஒட்டி இறங்குவதால் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று தடுக்கப்படுகிறது. மிஸ்திரால் என்னும் வறண்ட காற்று வீசும் நாள்களில் வானம் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. கரை பெரும்பாலும் தெற்கு நோக்கியிருப்பதால், குளிர்காலத்தில் தாழ்வாகச் செல்லும் சூரியன் பகல் முழுவதும் கடலுக்கு மேலேயே நிற்கிறது. ஒளி வானிலிருந்து ஒரு முறையும், நீரில் பட்டு இன்னொரு முறையும் கண்ணுக்கு வருகிறது. பாரிஸில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சாம்பல்நிற வானத்தின் கீழ் வேலை செய்த ஒருவருக்கு இது என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மோனே 1883 டிசம்பரில் ரெனுவாருடன் அந்தக் கரையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அடுத்த மாதமே ரெனுவாருக்குச் சொல்லாமல் தனியாகத் திரும்பினார். தம் பயணத்தை ரகசியமாக வைத்திருக்கும்படி ஓவிய வணிகர் துயிரான்-ருயேலைக் கேட்டுக்கொண்டார். எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள போர்திகேராவில் மூன்று வாரம் தங்கப் போனவர் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கிவிட்டார். 1888-ல் ஆந்தீப் நகருக்கு வந்தபோதும் ஜனவரியில் தொடங்கிய வேலை மே மாதத் தொடக்கம் வரை நீண்டது. அங்கிருந்து எழுதிய கடிதங்களில் அவர் மகிழ்ந்ததைவிடப் புலம்பியதே அதிகம். சூரியனோடு வாள்வீசிக்கொண்டிருப்பதாகச் சிற்பி ரோதனுக்கு எழுதினார். இளஞ்சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று உரசும் அந்த ஆந்தீப் காட்சிகளுள் பத்தினை வின்சென்ட் வான் கோவின் தம்பி தியோ அதே ஆண்டு பாரிஸில் காட்சிக்கு வைத்தார்.

அதன்பின் 1892-ல் ஓவியர் சின்யாக் தம் பாய்மரப் படகில் சேன் திரோப்பே துறைக்கு வந்து சேர்ந்தார். கானுக்கு மேற்கே இருக்கும் அந்த ஊர் அப்போது மீன்பிடி ஊர். 1904 கோடையில் அவர் அழைப்பில் வந்த மத்தீஸ், அங்கே கண்டதைக் கொண்டு பாரிஸில் வரைந்த படத்தைச் சின்யாக்கே விலைக்கு வாங்கினார். மறுவருடம் ஃபாவிசம் என்னும் கட்டற்ற வண்ண ஓவியப் போக்கு பிறந்ததற்கு அந்தக் கோடைக்காலமும் ஒரு வித்து. இவ்வளவையும் ஒளி இல்லாமல் எப்படி விளக்குவீர்கள்?

பயணச்சீட்டு எழுதியது:

நண்பர் நீலத்தாள் சொன்னதில் ஒன்றைக் கவனியுங்கள். மோனே எதில் ஏறி வந்தார்? நீஸ் பகுதி பிரான்சுடன் இணைந்தது 1860-ல். ரயில் பாதை கானுக்கு 1863-லும் நீஸுக்கு 1864-லும் வந்தது. அதற்கு முன்பும் அதே ஒளி அங்கே இருந்தது. ஆனால் பாரிஸ் ஓவியர் எவரும் அதற்காக வரவில்லை.

அந்தக் கரையை முதலில் கண்டெடுத்தவர்கள் ஓவியர்கள் அல்லர், நோயாளிகளும் செல்வந்தர்களும்தாம். 1830-களில் பிரிட்டிஷ் அரசியல்வாதி புரூம் பிரபு கானில் தங்கி அதை ஆங்கிலேயர்களின் குளிர்கால ஊராக்கினார். நீஸில் கடலோரமாக நீளும் ‘ஆங்கிலேயர் உலாச்சாலை’ 1820-களில் அங்கு குளிர்காலம் கழித்த ஆங்கிலேயர் பணம் திரட்டி அமைத்த நடைபாதையிலிருந்து வளர்ந்தது. காசநோய்க்கு மருத்துவர்கள் எழுதித் தந்த மருந்து தென்திசைக் காற்று. விக்டோரியா அரசியார் 1890-களில் நீஸின் மேட்டுப்பகுதியான சிமியேயில் இளவேனிற் காலத்தில் வந்து தங்கினார். அவரைப் போன்றவர்களை எண்ணி அங்கே ரெஜினா என்னும் மாபெரும் விடுதி எழுந்தது. அந்தக் கரைக்கு ‘கோத் தாசூர்’ (நீலக்கரை) என்ற பெயரே 1887-ல் ஸ்தெஃபான் லியேழார் எழுதிய நூலால்தான் பரவியது. ஓவியர்கள் வந்தபோது அவர்களுக்கு முன்பே அங்கே விடுதிகளும், மருத்துவர்களும், வாடகை வீடுகளும், பாரிஸுக்கு ஒரே இரவில் கொண்டு சேர்க்கும் ரயிலும் இருந்தன. வரைந்த கித்தான்களைச் சுருட்டி வணிகருக்கு அனுப்ப முடிந்தது. வணிகரும் வந்து பார்க்க முடிந்தது. சிசிலியில் இல்லாதது இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1920-கள் வரை அது குளிர்கால ஊர். கோடை தொடங்கினால் விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். 1923-ல் ஜெரால்ட் மர்ஃபி, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதியர் ஆந்தீப் முனையிலுள்ள விடுதியின் உரிமையாளரை வேண்டி, கோடையிலும் அதன் ஒரு பகுதியைத் திறந்து வைக்கச் செய்தார்கள். அந்தக் கோடையில் அவர்களோடு கடற்கரையில் காணப்பட்டவர்களுள் பிக்காசோவும் ஒருவர். ஜெரால்ட் மர்ஃபியே நல்ல நவீன ஓவியர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோடையில் வெயிலில் கிடந்து தோலைக் கறுக்க வைத்துக்கொள்வது நாகரிகமானதும் அந்தப் பத்தாண்டில்தான்.

தெற்குவாசல் எழுதியது:

ரயிலும் விடுதியும் சரியே. ஆனால் இருவரும் வயதையும் உடல்நலத்தையும் விட்டுவிட்டீர்கள்.

ரெனுவார் கான்யேயில் கொலேத் என்ற ஒலிவத் தோப்பை 1907-ல் வாங்கியபோது அவருக்கு 66 வயது. தோப்பை வாங்க வந்த இன்னொருவர் அந்தப் பழைய மரங்களை வெட்டிவிடுவார் என்ற அச்சமே அவரை வாங்கத் தூண்டியது. மூட்டுவாதம் அவருடைய விரல்களை உள்ளங்கையோடு மடக்கிவிட்டிருந்தது; பிறகு சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. தூரிகையைக் கையோடு சேர்த்துக் கட்டி வரைந்தார் என்று எங்கும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். உண்மையில் அந்தத் துணிக்கட்டு, தூரிகையின் காம்பு தோலைப் புண்ணாக்காமல் இருக்க வைத்த காப்பு. பிடித்தது அவருடைய விரல்களே. அந்த நிலையிலும் தோட்டத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பட்டறையில் வரைந்தார். ரிஷார் கினோ என்ற இளம் சிற்பியைக் கைகளாகக் கொண்டு சிற்பங்களும் செய்தார். 1919 டிசம்பரில் இறக்கும்வரை வேலை நிற்கவில்லை. பாரிஸின் ஈரக்குளிரில் இது நடந்திருக்காது.

1917 டிசம்பரில் மத்தீஸ் நீஸுக்கு வந்ததும் மார்ச்சளி ஆறட்டும் என்றுதான். கடலோர விடுதியில் அறை எடுத்தார். நாள் கணக்கில் மழை பெய்தது. சலித்துப்போய்க் கிளம்ப முடிவு செய்தபோது காற்று மாறி வானம் வெளுத்தது, இருந்துவிட்டார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குளிர்காலத்திலேயே கான்யே சென்று ரெனுவாரைச் சந்தித்தார். 1918-ல் ஓவியர் மோதிலியானியும் அங்கே வந்தார். அவருக்குக் காசநோய், பாரிஸ் மீதோ ஜெர்மானியரின் குண்டுகள். அவர் மகள் நீஸில்தான் பிறந்தாள்.

எல்லோருக்கும் அந்த இடம் ஒத்துக்கொண்டது என்றும் எண்ண வேண்டாம். சூட்டின் 1920-களின் முற்பகுதியில் கான்யேயில் இருந்தபோது, இந்த நிலக்காட்சியைத் தாங்க முடியவில்லை, இங்கிருந்து போய்விட வேண்டும் என்று தம் வணிகருக்கு எழுதினார். மரங்களும் வீடுகளும் படிகளும் புயலில் சிக்கியதுபோல் சாயும் அவருடைய கான்யே படங்களைப் பார்த்தால் உல்லாசக் கடற்கரை அதுதான் என்று யாரும் நம்பமாட்டார்கள். நார்வேயின் மூங்க் 1891-92 குளிர்காலத்தில் நீஸில் இருந்தார். மோன்தே கார்லோ சூதாட்ட மேசையை வரைந்தார். அதே நீஸில் உட்கார்ந்து, 1892 ஜனவரியில், கிறிஸ்டியானியாவின் (இன்றைய ஆஸ்லோ) வானம் ஒரு மாலையில் இரத்தமாகச் சிவந்ததையும் இயற்கையின் ஊடே ஒரு பெருங்கூச்சல் கேட்டதையும் நாட்குறிப்பில் எழுதினார். ‘அலறல்’ ஓவியத்தின் சொல்வடிவம் அந்த நீலக்கடற்கரையில்தான் எழுதப்பட்டது.

கரைமணல் எழுதியது:

தெற்குவாசல் ஐயா குறிப்பிட்ட மூங்க் செய்தி, நான் கேட்க நினைத்ததற்கு நேராக வந்து சேர்கிறது. ஒளியைத் தேடி வந்ததாகச் சொல்லப்படும் இவர்கள் அங்கே எதை, எங்கிருந்து வரைந்தார்கள் என்று பார்த்தால், மோனேயின் தலைமுறைக்குப் பிறகு வெளியில் நின்று வரைந்தவர்கள் குறைவு. எல்லாம் அறைக்குள்தான்.

மத்தீஸின் நீஸ் ஓவியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் தெரிகிறது, ஆனால் சன்னல் சட்டத்துக்குள், அல்லது பாதி மூடிய மரச்சாளரத்தின் இடுக்கில். அந்தக் காலத்தில் தாம் தங்கிய விடுதியறையில் ஒளி மேடை விளக்கைப் போலக் கீழிருந்து மேலே வந்தது என்று அவர் நினைவுகூர்ந்தார். சாளரத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் திறந்து வைத்தால், கடல்நீரில் பட்ட ஒளி கூரையில் போய் விழும். 1921 முதல் பழைய நகரின் ஷார்ல்-ஃபெலிக்ஸ் சதுக்கத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டில் திரைச்சீலைகளும் மூங்கில் தட்டிகளும் மொராக்கோ துணிகளும் மாட்டி அதை ஓர் அரங்கமாகவே ஆக்கிக்கொண்டார். அங்கே வரைந்த ஒதலிஸ்க் (அந்தப்புரப் பெண்) படங்களுக்கு மாதிரியாக அமர்ந்தவர் நீஸில் வாழ்ந்த ஆன்ரியேத் தாரிகாரேர் என்ற இளம்பெண். கிழக்குலக அந்தப்புரம் என்பதெல்லாம் துணியும் திரையும்தான். அந்தப் படங்களில் எனக்கு மனம் முழுதாக ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுப்பூட்டும் அளவுக்கு அவற்றை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். ஆனால் அந்த அறையின் ஒளியை மறுக்க முடியாது.

பொனார் 1926-ல் கானுக்கு மேலேயுள்ள லெ கன்னேயில் சிறிய வீடொன்றை வாங்கினார். காலையில் நடக்கப் போவார்; சட்டைப்பை நாட்குறிப்பில் பென்சிலால் கிறுக்குவார், பக்கத்தில் அன்றைய வானிலையை ஓரிரு சொல்லில் குறிப்பார். வரைவதெல்லாம் வீட்டில், நினைவிலிருந்து. கித்தானைச் சட்டத்தில் கட்டாமல் நேரே சுவரில் ஆணியடித்து மாட்டி, ஒரே சுவரில் பல படங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக, சிலவற்றை ஆண்டுக்கணக்கில், தொட்டுக்கொண்டிருப்பார். குளியல்தொட்டியில் கிடக்கும் மனைவி மார்த்தும், சிவப்புத் துணி விரித்த மேசையும், சன்னலுக்கு வெளியே மஞ்சளாகக் கொட்டும் மிமோசா மரமும் அவருடைய உலகம். கடற்கரை அதில் ஓர் ஓரம்.

பிக்காசோ 1946-ல் ஆந்தீப் கோட்டையில் வேலை செய்தது பெரும்பாலும் இரவில், மின்விளக்கு வெளிச்சத்தில். காட்சிக்கூடப் பொறுப்பாளர் தோர் த லா சூஷேர் மேல்மாடியை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார். போர் முடிந்த காலம், கித்தான் கிடைக்கவில்லை. படகுக்குப் பூசும் வண்ணமும், ஒட்டுப்பலகையும், கல்நார்ச் சிமெண்டுத் தகடும் கொண்டு வரைந்தார். கோட்டையில் கிடந்த பழைய படம் ஒன்றின் மேலேயே கடல்முள்ளெலி தின்பவரை வரைந்துவிட்டார். அடியில் ஒரு படைத்தலைவரின் உருவம் இருப்பது பின்னர் ஊடுகதிர்ப் படத்தில் தெரிந்தது. போகும்போது 23 ஓவியங்களையும் 44 கோட்டோவியங்களையும் அங்கேயே விட்டுச் சென்றார்.

எனவே என் துணிபு இது: அந்தக் கரை ஓவியர்களுக்குக் கொடுத்தது காட்சியைவிட அறையை. யாரும் தொந்தரவு செய்யாத, வெயில் வரும், குளிராத, பாரிஸிலிருந்து எட்டாத தொலைவிலும் இல்லாத ஓர் அறை.

நீலத்தாள் எழுதியது:

அறை என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த அறைக்கு மதிப்பு வந்தது எதனால்? பொனார் நாள்தோறும் வானிலையை எழுதி வைத்தாரே, ஒளி அவருக்குப் பொருட்டில்லை என்றால் எதற்காக எழுதினார்? நினைவிலிருந்து வரைய வேண்டுமானால் முதலில் நினைவில் ஏற வேண்டும்.

வான்ஸ் ஊரிலுள்ள சிற்றாலயத்தை யாரும் இன்னும் குறிப்பிடவில்லை. 1941-ல் லியோன் நகரில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட மத்தீஸ், பிறகு படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரித்து ஒட்டும் முறைக்குப் போனார். 1942-ல் அவரைக் கவனித்துக்கொண்ட மோனிக் பூர்ழுவா என்ற இளம் செவிலியர் பின்னர் கன்னியாஸ்திரீ ஆனார். அவர் வழியாகவே அந்த ஆலயத் திட்டம் மத்தீஸிடம் வந்தது. 1948 முதல் அதில் மூழ்கினார். 1951 ஜூனில் அது அருட்பொழிவு செய்யப்பட்டது. ஒரு பக்கம் மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்றே நிறங்களில் கண்ணாடிச் சன்னல்கள். எதிர்ப்பக்கம் வெள்ளை ஓடுகளில் கறுப்புக் கோட்டால் மட்டுமே வரைந்த உருவங்கள். சுவரில் வண்ணமே இல்லை. சூரியன் நகர நகரக் கண்ணாடியின் நிறம் தரையிலும் வெள்ளைச் சுவரிலும் ஊர்ந்து வருகிறது. குளிர்காலக் காலையில் பதினொரு மணியளவில் பார்க்க வேண்டும் என்று அவர் கருதினார். ஒளியையே வண்ணமாகப் பயன்படுத்திய அந்த ஆலயத்தை வடக்கே எங்கே கட்டியிருந்தாலும் அது பாதி நாள் இறந்து கிடக்கும்.

களிமண் எழுதியது:

ஓவியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் சூளையும் சக்கரமும் வைத்துப் பிழைப்பவன். என் கண்ணுக்கு அந்தக் கரையின் மிக முக்கியமான ஊர் வல்லோரிஸ்.

அது உல்லாச ஊர் அன்று. கடலிலிருந்து சற்று உள்ளே, மலைச்சரிவில், தலைமுறை தலைமுறையாகச் சமையல் சட்டி வனைந்த குயவர் ஊர். நல்ல களிமண்ணும் எரிக்கப் பைன் விறகும் உண்டு. உலோகப் பாத்திரம் பெருகியதும் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1946-ல் பிக்காசோ அங்கே நடந்த கண்காட்சிக்கு வந்தபோது சுசான் ராமியே, ழோர்ழ் ராமியே தம்பதியர் நடத்திய மதூரா பட்டறையில் விளையாட்டாகச் சில உருவங்களைப் பிசைந்து விட்டுப் போனார். மறுவருடம் திரும்பி வந்து அவை சுடப்பட்டு வந்ததைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். 1948 முதல் 1955 வரை அந்த ஊரிலேயே வீடு.

பானை வனைபவர் சக்கரத்திலிருந்து இறக்கிய ஈரக் குடுவையைப் பிக்காசோ கழுத்தில் பிடித்து ஒரு திருகு திருகுவார், அது புறாவாகிவிடும். இன்னொன்று முழந்தாளிட்ட பெண்ணாகும். வனைந்தது பட்டறையின் தேர்ந்த குயவர், உருமாற்றியது அவர். மெருகுப் பூச்சு சுட்ட பிறகு எந்த நிறமாகும் என்று தெரியாமல் பூச வேண்டிய வேலை அது. வண்ணத்தைக் கண்முன் பார்த்தே பழகிய ஓவியருக்கு அந்த அறியாமையே புது விளையாட்டு. தட்டு, குடம், சாடி என அவருடைய 600-க்கும் மேற்பட்ட வடிவமைப்புகளை மதூரா பட்டறை பல படிகளாகச் செய்து விற்றது. ஆட்டுக்குட்டியைத் தாங்கி நிற்கும் மனிதனின் வெண்கலச் சிலையை அவர் ஊருக்குக் கொடுக்க, 1950-ல் அது சதுக்கத்தில் நின்றது.

இங்கே அவரை நிறுத்தியது ஒளியும் இல்லை, அறையும் இல்லை. கைவேலை தெரிந்த மனிதர்கள் நிறைந்த ஓர் ஊர். இதைக் கலை வரலாறு ஏன் ஓரமாகத் தள்ளுகிறது என்று எனக்கு வருத்தம் உண்டு.

வெள்ளைச்சுவர் எழுதியது:

இதுவரையிலான பட்டியலில் பெண்கள் மாதிரியாகவும், மனைவியாகவும், செவிலியராகவும் வந்தார்கள். பட்டறை நடத்திய சுசான் ராமியே ஒருவர் விலக்கு. பெர்த் மோரிசோ 1881-82 குளிர்காலத்திலேயே நீஸில் தங்கித் துறைமுகத்தை வரைந்தார், அதாவது மோனேக்கு முன்பே. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வேறு இருவரை.

அயர்லாந்தில் பிறந்த ஐலீன் கிரே 1926 முதல் 1929 வரை ரோக்புரூன் கரையில், பாறை மேல், கட்டடக் கலைஞர் ழான் பாதோவிசிக்காக ஒரு வீடு கட்டினார். பெயர் ஈ-1027. கிரேயின் இரு முதலெழுத்துகளுக்கு நடுவே பாதோவிசியின் முதலெழுத்துகள், எண்களாக மறைந்து நிற்கின்றன. வெயில் எந்த வேளையில் எந்த அறைக்குள் நுழைகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்து, நகரும் சாளரங்களும் மடிப்புக் கதவுகளும், உயரத்தை மாற்றிக்கொள்ளும் மேசையும் வடிவமைத்தார். கரைமணல் அவர்களே, நீங்கள் சொல்லும் ‘அறை’யை அந்தக் கரையில் முழுமையாகச் சிந்தித்தவர் ஓவியர் அல்லர், இவர்தான். 1938-39-ல் விருந்தினராக வந்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே, கிரேயைக் கேட்காமலே அந்த வெள்ளைச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டினார். கிரே அதை அழிவேலையாகவே கருதினார். நானும் அப்படியே கருதுகிறேன். பிறகு அந்த வீட்டுக்குச் சற்று மேலே, 3.66 மீட்டர் பக்கமுள்ள மரக்குடிசை ஒன்றை 1952-ல் தமக்காக அமைத்துக்கொண்டார் லெ கொர்புசியே. 1965 ஆகஸ்டில் அந்தக் கரையில் நீந்தப் போனபோதுதான் இறந்தார். அந்தக் குடிசை 2016-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இரண்டாமவர் ஷார்லட் சாலமோன். பெர்லினில் 1917-ல் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி 1939-ல் வில்ஃபிரான்ஷில் இருந்த தாத்தா பாட்டியிடம் வந்து சேர்ந்தார். பாட்டி தற்கொலை செய்துகொண்டார்; தாத்தாவோடு கூர்ஸ் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு மீண்டார். அதன்பின், 1940-க்கும் 1942-க்கும் இடையில், பெரும்பகுதியும் சேன்-ழான்-காப்-ஃபெராவில் வாடகை அறை ஒன்றில், சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று அடிப்படை நிறங்களை மட்டும் கலந்து, தம் குடும்பத்தின் வாழ்க்கையை 700-க்கும் மேற்பட்ட குவாஷ் (ஒளிபுகா நீர்வண்ணம்) தாள்களில் சொல்லும் நாடகமும் இசைக் குறிப்பும் கூடிய படைப்பாக வரைந்தார். முடித்து, கட்டி, நம்பிக்கையான மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். இத்தாலியப் படைகளின் பிடியில் இருந்தவரை அந்தப் பகுதி யூதர்களுக்கு ஓரளவு புகலிடமாக இருந்தது. 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் நுழைந்ததும் வேட்டை தொடங்கியது. கருவுற்றிருந்த ஷார்லட் பிடிபட்டு, அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 26.

அந்தத் தாள்களிலும் கடலின் நீலம் இருக்கிறது. கடைசித் தாளில் கடலைப் பார்த்தபடி தாளோடு குந்தியிருக்கும் பெண்ணின் முதுகில்தான் படைப்பின் தலைப்பு எழுதப்பட்டிருக்கிறது. உல்லாசக் கடற்கரையின் கவர்ச்சியைப் பேசும்போது, அது சிலருக்கு எல்லை முடிந்த இடமாகவும் இருந்தது என்பதை விட்டுவிடக் கூடாது.

தெற்குவாசல் எழுதியது:

அம்மா, இதை எழுதியதற்கு நன்றி. மத்தீஸுக்குப் பிரேசில் செல்ல அனுமதி கிடைத்தும் அவர் நீஸை விட்டுப் போகவில்லை. சிமியே மீது குண்டு விழலாம் என்ற நிலை வந்த 1943-ல்தான் வான்ஸுக்குக் குடிமாறினார். அவருடைய மகள் மார்கரீத் எதிர்ப்பியக்கத்தில் பணிபுரிந்து 1944-ல் நாஜி ரகசியக் காவல்படையான கெஸ்டாப்போவிடம் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். அந்த ஆண்டுகளில் மத்தீஸ் செய்த வெட்டோவியங்களின் பளிச்சென்ற நிறத்தை இந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்ப்பது எனக்கு எப்போதும் கடினமாகவே இருக்கிறது.

உப்புக்காற்று எழுதியது:

வந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம், அங்கேயே பிறந்த கலைஞர்கள்? ஈவ் க்ளைனும் ஆர்மானும் 1928-ல் நீஸில் பிறந்தவர்கள். மார்சியால் ரேய்ஸ் 1936-ல் கோல்ஃப்-ழுவானில் பிறந்தவர். இவர்களுக்கு அந்த ஒளி அதிசயம் அன்று, வீட்டு வாசல். 1947-ல் க்ளைன், ஆர்மான், குளோத் பஸ்கால் மூவரும் நீஸ் கடற்கரையில் கிடந்து உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். க்ளைன் வானத்தை எடுத்துக்கொண்டு அதில் மனத்தால் கையெழுத்திட்டார். தம் மிகப்பெரிய படைப்பில் ஓட்டை போடுவதால் பறவைகள் மேல் வெறுப்பு வந்தது என்று பின்னர் எழுதினார். நீலத்தை ஒரு காட்சியின் நிறமாக அல்லாமல், கித்தான் முழுவதும் வேறொன்றும் இல்லாத தூள்நிறமாக வைத்தவர் அவர். சன்னலையே எடுத்துவிட்டார் என்று சொல்லலாம்.

ரேய்ஸ் இன்னும் ஒரு படி போனார். 1962-ல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் ‘ரேய்ஸ் பீச்’ என்று ஓர் அறையை அமைத்தார்: ஊதிய ரப்பர்க் குளம், கடற்கரைப் பொம்மைகள், நீச்சலுடைப் பெண்களின் விளம்பரப் படங்கள், நியான் விளக்கு, பாட்டுப்பெட்டி. 1936-ல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை வந்தபின் கூட்டம் கூட்டமாக நிறைந்த கடற்கரையைத்தான் அவர் சிறுவயதில் பார்த்தார். மத்தீஸின் மரச்சாளரம் அவருடைய கடற்கரை இல்லை. மற்றவர்கள் இந்தக் கரையைப் பற்றி வரைந்த எதையும்விட ரேய்ஸின் அந்த அறை நேர்மையானது என்பது என் கருத்து.

பயணச்சீட்டு எழுதியது:

நேர்மை என்பது கூடுதலாகப் படுகிறது, ஆனால் நீங்கள் தொட்ட இடம் முக்கியமானது. ஓவியர்கள் அந்தக் கரையின் விலையையும் ஏற்றினார்கள். சேன் போலில் போல் ரூ நடத்திய கொலோம்ப் தோர் விடுதி, ஓவியங்களைப் பெற்றுக்கொண்டு இடமும் உணவும் கொடுத்தது. இன்று அந்தச் சுவர்களே விடுதியின் விளம்பரம். கானில் அச்சுக்கடை வைத்திருந்த எமே மாக் பொனாரோடு பழகியே ஓவிய வணிகரானார். 1964-ல் அதே சேன் போலில் மிரோவின் புதிர்வழித் தோட்டமும் ஜியாகோமெத்தியின் முற்றமும் கொண்ட மாக் அறக்கட்டளைக் கூடம் திறந்தது. லெஜேயின் படைப்புகளுக்கு பியோவிலும், ஷகாலுக்கு நீஸிலும் தனித்தனி அருங்காட்சியகங்கள் வந்தன. பிக்காசோ 1955-ல் கானின் மேட்டில் வாங்கிய மாளிகையின் சன்னலுக்கு எதிரே அடுக்குமாடி எழுந்து கடலை மறைத்தது. 1961-ல் அவர் மூழானுக்குப் போய்விட்டார்.

கரைமணல் எழுதியது:

களிமண் நண்பரின் வாதம் என் ‘அறை’யை விரிவாக்குகிறது, பட்டறையும் அறைதான், ஆனால் மனிதர்களோடு கூடிய அறை. வெள்ளைச்சுவர் அவர்கள் சொன்ன இருவரையும் சேர்த்துக்கொண்டே இனி யோசிக்க வேண்டும். ஒரு கேள்வி மட்டும்: இந்திய ஓவியர் ரஸாவும் அந்தப் பகுதியில் இருந்தார் அல்லவா? அவரை எந்த வரிசையில் வைப்பது?

நீலத்தாள் எழுதியது:

ஆம். சையத் ஹைதர் ரஸா 1950-ல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் சென்றார். மறுவருடமே கான்யேயின் மேட்டுப்பகுதியை வீடுகள் கட்டம் கட்டமாக அடுக்கி நிற்கும் படமாக வரைந்தார். அதில் செசானின் சாயலும் இந்திய நுண்ணோவியத்தின் தட்டையான வண்ணமும் சேர்ந்தே தெரிகின்றன. ஓவியர் ழானின் மொன்ழிலாவை மணந்தார். மான்தோனுக்கு மேலே மலைக்கிராமமான கோர்பியோவில் இருவருக்கும் வீடும் பட்டறையும் இருந்தன. பல பத்தாண்டுகள் பாரிஸுக்கும் அந்தக் கிராமத்துக்குமாகப் போய்வந்தார். மனைவி 2002-ல் இறந்தார். 2010 இறுதியில் இந்தியா திரும்பினார்.

ஆனால் ரஸாவின் ‘பிந்து’ (புள்ளி) ஓவிய வரிசையில் கடலும் இல்லை, அந்த மலையும் இல்லை. அவற்றின் வேர் மத்தியப் பிரதேசத்தில் அவர் சிறுவனாக இருந்த, காடு சூழ்ந்த ஊரிலும், பள்ளி ஆசிரியர் சுவரில் வைத்த ஒரு புள்ளியிலும் இருப்பதாக அவர் சொல்லி வந்தார். இந்த ஒரு இடத்தில் கரைமணல் அவர்களின் வாதத்துக்கு நான் எதிர் சொல்ல மாட்டேன்: கோர்பியோ அவருக்கு வரைவதற்கான இடம், வரைபொருள் அன்று.